கடைசி மணி நேரத்தில் புவியியல்

ஏப்ரல் 17

இவர் காலையில் மோட்டார் போட மறந்துவிட்டார். மின்வாரியத்தில் முப்பது வருஷம் ஊருக்கெல்லாம் கரண்ட் கொடுத்த மனிதருக்கு வீட்டில் ஒரு சுவிட்சைத் தட்ட ஞாபகமில்லை. அரைக் குளியலோடு கல்லூரிக்குப் போனேன்.

அந்த எரிச்சலோடு முதல்வர் அறைக்குள் நுழைந்தால், குருநாதன் எழுந்து நின்று வரவேற்கிறார். மனிதர் எழுந்து நின்றாலே நம் தலையில் ஏதோ கட்டப் போகிறார் என்று அர்த்தம். வரும் ஜூனிலிருந்து கலைப் பிரிவில் தனித்தனிப் பட்டங்கள் கிடையாதாம். எல்லாம் சேர்த்து ஒரே கூட்டுப் பட்டம். சேர்கிற பிள்ளை ஆறு பாடங்களில் இஷ்டப்பட்ட இரண்டை எடுத்துக்கொள்ளலாம். வரலாறோடு உளவியல், பொருளியலோடு தமிழ், எதோடு எது வேண்டுமானாலும். பிடிக்காவிட்டால் அடுத்த வருஷம் ஒன்றை மாற்றிக்கொள்ளலாம். விட்டுப் போனவர்கள்கூட ஐந்து வருஷத்துக்குள் திரும்பி வந்து சேர்ந்துகொள்ளலாம். இதையெல்லாம் வடிவமைக்கிற குழுவுக்கு நான் தலைவி.

"உங்களை விட்டா வேற ஆருங்க மேடம் இருக்காங்க?" என்றார். அரசியல் அறிவியல் துறைக்கு நான் தலைவியாகிப் பதினொரு வருஷமாகிறது. அவர் சொன்னது உண்மைதான்.

வேலை செய்வதற்கு ஒரு உறுப்பினரும் கொடுத்திருக்கிறார். புவியியல் ஞானசேகர். தொகுப்பூதியத்தில் பல வருஷமாக ஒற்றை ஆளாக அந்தத் துறையை ஓட்டுகிற மனிதர். எப்போதும் கையில் சுருட்டிய வரைபடம் ஒன்று இருக்கும். நல்ல உழைப்பாளி. அவர் எழுதட்டும், நான் கையெழுத்துப் போடுகிறேன்.

ஏப்ரல் 22

குழுக் கூட்டம். ஞானசேகர் இரண்டு மணி நேரம் பேசினார். இந்த யோசனையே அவருடையதுதானாம், போன வருஷமே முதல்வரிடம் சொல்லியிருக்கிறாராம். எனக்கு இது புதுச் செய்தி.

"ஒரு பாடத்தை மட்டும் படிச்சா பாதிக் கண்ணுலதானுங்க பாக்கறோம் மேடம். ஆத்துத் தண்ணி எப்படி ஓடுதுன்னு நான் சொல்லித் தர்றன். அதை ஆரு திருப்பலாம், ஆரு திருப்பக் கூடாதுன்னு நீங்க சொல்லித் தரோணும். ரெண்டும் ஒரே புள்ளைக்குத் தெரியோணுமில்லீங்க?"

அழகாகத்தான் சொன்னார். முதல்வர் தலையை ஆட்டிவிட்டு, கடைசியில் தாளாளர் போட்ட நிபந்தனையைச் சொன்னார். எந்தப் பாடத்துக்குப் பதினைந்து பேர் சேரவில்லையோ, அந்தப் பாடம் மூடப்படும். தொகுப்பூதியக்காரர் வீட்டுக்குப் போக வேண்டியது. நிரந்தரப் பணியில் இருப்பவரை அறக்கட்டளையின் பள்ளிக்கு மாற்றிவிடுவார்கள், ஆறாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்க.

ஞானசேகரைப் பார்த்தேன். பாவம், முகம் சுண்டிப் போகும் என்று நினைத்தேன். மனிதர் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "புள்ளைங்க வந்துருவாங்க சார். இத்தனை நாளா அவங்களை வர விடலை, அவ்வளவுதானுங்க" என்றார்.

வரும் வழியில் கொத்தமல்லியும் முருங்கைக்காயும் வாங்கினேன். ஆறாம் வகுப்பு என்று குருநாதன் சொன்னபோது ஏன் என்னைப் பார்த்தார் என்று தெரியவில்லை.

ஏப்ரல் 29

இன்றைக்கு நடந்ததை எழுதத்தான் வேண்டும்.

பிளஸ் டூ எழுதிய பிள்ளைகளை வரவழைத்து வழிகாட்டும் முகாம். அரங்கத்தில் ஆறு மேசை போட்டு, ஆறு பாடத்துக்கும் ஆசிரியர்கள் உட்கார்ந்தோம். பிள்ளைகள் தங்களுக்குப் பிடித்த பாடத்தின் மேசை முன்னால் போய் நிற்க வேண்டும். ஒத்திகை மாதிரி. இதுவும் ஞானசேகரின் ஏற்பாடுதான்.

அவர் மேசைக்கு முன்னால் வரிசை கதவு வரைக்கும் போயிற்று. ஏதோ வரைபடத்தை விரித்துவைத்து, ஒவ்வொரு பிள்ளையையும் அதன் ஊரைக் கண்டுபிடிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரே சிரிப்பும் கூச்சலும். உளவியலுக்கு நல்ல கூட்டம். தமிழுக்கும் வரலாற்றுக்கும்கூடத் திருப்தியாக வந்தார்கள். என் மேசைக்கு நான்கு பேர் வந்தார்கள். அதில் இரண்டு பேர் பாத்ரூம் எந்தப் பக்கம் என்று கேட்டார்கள்.

அதைக்கூடத் தாங்கிக்கொண்டிருப்பேன். மதியம் ஞானசேகர் எழுந்து, தன் வரிசையின் வால் பகுதியில் இருந்த பிள்ளைகளிடம் போய், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "இங்கயே நிக்காதீங்கப்பா, மேடம் டேபிளுக்கும் கொஞ்சம் பேர் போங்க, நல்ல பாடம்ப்பா அது" என்றார். ஒரு ஏழெட்டுப் பிள்ளைகள் வந்து என் முன்னால் நின்றன. அவர் சொன்னதற்காக வந்து நின்றன. முதல்வர் பார்த்துக்கொண்டிருந்தார்.

முடிந்ததும் என்னிடம் வந்து, "இது சும்மா ஒத்திகைதானுங்க மேடம், மனசுல வெச்சுக்காதீங்க. ஜூன்ல நானே உங்க பாடத்தைப் பத்திப் பசங்ககிட்ட எடுத்துச் சொல்றனுங்க" என்றார்.

எனக்கு, துளசிமணிக்கு, தொகுப்பூதியக்காரர் ஆள் பிடித்துத் தருகிறார்.

ஏப்ரல் 30

தூக்கமில்லை. மாவு புளித்துவிட்டது. தோசையாக ஊற்றிவிட வேண்டியதுதான்.

மே 8

கால அட்டவணையை நானே போட்டுத் தருகிறேன் என்று முதல்வரிடம் சொன்னேன். அவருக்கு ஆச்சரியம். அட்டவணை போடுவது என்றால் கல்லூரியில் எல்லோரும் ஓடி ஒளிவார்கள். யார் வகுப்பு எந்த அறை, யாருக்கு எந்த மணி, ஒருவருக்கு நல்லது செய்தால் ஒன்பது பேர் திட்டுவார்கள். மனம் குளிர்ந்து போய் எனக்குக் காபி வரவழைத்தார்.

இரண்டு நாள் உட்கார்ந்து போட்டேன். ஆறு பாடங்களும் ஒன்றோடொன்று மோதாமல் வர வேண்டும், அப்போதுதான் எதோடு எதை வேண்டுமானாலும் எடுக்க முடியும். போட்டுவிட்டேன். எந்தப் பாடத்தோடும் எந்தப் பாடமும் மோதவில்லை. சுதந்திரம் என்றால் அப்படி ஒரு சுதந்திரம். அரசியல் அறிவியல் காலை பத்தரைக்கு, பிள்ளைகள் தெளிவாக இருக்கிற நேரம். புவியியலுக்கு வரைபட அறை வேண்டும். அந்த அறையைப் பகலெல்லாம் வணிகவியல்காரர்கள் வைத்திருக்கிறார்கள். ஆகவே கடைசி மணி நேரம், மூன்றரையிலிருந்து நாலரை வரை. வேறு வழியில்லை.

வணிகவியல்காரர்களைக் கேட்டால் அறையை மாற்றிக் கொடுத்திருப்பார்கள் என்பது உண்மைதான். ஆனால் யாரும் என்னிடம் கேட்கச் சொல்லவில்லை.

முதல்வர் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்.

மே 9

ஞானசேகர் அட்டவணையைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

"மேடம், கடைசி மணிங்கறீங்க. மலையடிவாரத்துப் புள்ளைங்கதானுங்க பாதிக்கு மேல. மூனே முக்கால் பஸ்ஸை விட்டா அப்புறம் ஏழரைதானுங்களே."

"விருப்பம் இருந்தா இருப்பாங்க சார். விருப்பப் பாடம்தானுங்களே இது?"

அவர் கையிலிருந்த வரைபடத்தைச் சுருட்டிச் சுருட்டி அதன் ஓரம் கிழிந்துவிட்டது. எனக்கு ஏனோ நல்ல பசி. இரண்டு சப்பாத்தி சாப்பிடுகிறவள் மூன்று சாப்பிட்டேன்.

மே 21

ஞானசேகர் லேசுப்பட்டவரில்லை. பஸ் டிப்போவுக்கே போய்விட்டார். கிளை மேலாளரின் மகன் அவரிடம் படித்தவனாம். மூன்றே முக்கால் பஸ்ஸை நாலே முக்காலுக்குத் தள்ளிவிடச் சம்மதம் வாங்கிவந்திருக்கிறார். கல்லூரியிலிருந்து ஒரு கடிதம் கொடுத்தால் போதுமாம், அங்கேயே முடித்துவிடுவாராம்.

முதல்வர் கடிதம் எழுதுகிற வேலையை யாருக்குக் கொடுப்பார்? குழுத் தலைவிக்குத்தான்.

இத்தனை வருஷம் அரசியல் அறிவியல் சொல்லிக்கொடுத்ததில் எனக்குத் தெரிந்த ஒரே அரசியல் இதுதான். அரசாங்கத்திடம் ஒன்றைக் கேட்டால் கொடுத்துவிடுவார்கள். கூட நாலு சேர்த்துக் கேட்டால் கோப்பு மேலே போய்விடும். நான் மாலை பஸ்ஸோடு சேர்த்துக் காலையில் கூடுதல் பஸ் ஒன்று, மாணவியருக்குத் தனிப் பேருந்து ஒன்று, கல்லூரி வாசலில் நிழற்குடை, மலை வரைக்கும் வழித்தட நீட்டிப்பு எல்லாம் கேட்டு எழுதினேன். மக்கள் கோரிக்கை என்றால் முழுசாகத்தானே கேட்க வேண்டும்.

ஞானசேகர் படித்துவிட்டு நெகிழ்ந்துபோனார். "இவ்வளவு செய்வீங்கன்னு நினைக்கலீங்க மேடம். ரொம்ப நன்றிங்க."

பல் வலி. நாளைக்கு டாக்டரைப் பார்க்க வேண்டும்.

ஜூன் 4

கடிதம் கோட்ட அலுவலகத்துக்குப் போயிருக்கிறதாம். கிளை மேலாளர் கைவிரித்துவிட்டார். "நாலு வரியில எழுதியிருந்தா நானே பண்ணியிருப்பேன் சார், இத்தனை கேட்டா எங் கையில என்னங்க இருக்குது" என்றாராம். ஞானசேகர் இதை என்னிடம் சொல்லும்போது என் முகத்தையே பார்த்தார். நானும் அவரையே பார்த்தேன். பிறகு அவர்தான் தலையைக் குனிந்தார்.

பல்லுக்கு வேர் சிகிச்சையாம். மூன்று தடவை போக வேண்டும்.

ஜூன் 19

சேர்க்கை நடக்கிறது. விருப்பப் பாடத்துக்கு ஒப்புதல் கையெழுத்துப் போடுவது நான். அதனால் காலையிலிருந்து என் அறை வாசலில் கூட்டம். புவியியல் கேட்டு வருகிற மலையடிவாரத்துப் பிள்ளைகளிடம் நேரத்தை மட்டும் சொல்கிறேன். வேறொன்றும் சொல்வதில்லை. அவர்களே பஸ்ஸைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "அப்பன்னா உங்க பாடத்தையே போட்டுக்குங்க மேடம்" என்று போய்விடுகிறார்கள். என் பாடத்துக்கு அறுபது பேர் தாண்டிவிட்டது. வகுப்பில் பெஞ்சு போதாது.

ஞானசேகர் விடுதிப் பிள்ளைகளையும் உள்ளூர்ப் பிள்ளைகளையும் ஒவ்வொருவராகப் பிடித்துக்கொண்டு வருகிறார். வெயிலில் சைக்கிள் கடைக்காரர் மகளைத் தேடி அவர்கள் வீட்டுக்கே போனாராம். சட்டை முதுகெல்லாம் நனைந்து, கையில் வரைபடத்தோடு என் அறை வாசலில் நிற்கிறார். "இன்னொன்னுங்க மேடம்." கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறேன். நான் யாருக்கும் கையெழுத்து மறுத்ததில்லை.

ஜூன் 26

நாளையோடு சேர்க்கை முடிகிறது. புவியியலில் பதினான்கு. இவரிடம் இரவு சாப்பாட்டின்போது சொன்னேன். "இன்னும் ஒண்ணு வந்தா அந்த மனுசன் பொழைச்சுக்குவாருல்ல" என்றார். மோர் ஊற்றட்டுமா என்று கேட்டேன்.

ஜூன் 27

மதியம் ஒரு பெண் வந்தாள். மாதேஸ்வரி. கல்லுமடுவு, காட்டோரத்தில் கடைசி ஊர். அப்பா மாரப்பன், வாழைத்தார் ஏற்றுகிற வேலை. அந்த ஊரிலிருந்து கல்லூரிக்கு வருகிற முதல் பெண்ணாம். நெற்றியில் விபூதி, தலையில் எண்ணெய் வழிகிறது, ஆனால் கண் நேராகப் பார்க்கிறது.

என்ன பாடம் கண்ணு வேணும் என்றேன்.

"அரசியல் அறிவியலுங்க மேடம். அதுதானுங்க மொதல்ல. அதுக்குத் துணையாப் புவியியலுங்க."

அரசியல் அறிவியல் ஏன் என்று கேட்டேன். இத்தனை நாளில் நான் யாரிடமும் அதைக் கேட்கவில்லை. கேட்க பயமாக இருந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

"எங்கூருக்கு மேக்கால இருக்கற பூமி காட்டிலாகாவோடதுங்கறாங்க. எங்க தாத்தன் காலத்துல இருந்து நாங்கதானுங்க ராகி போடறோம். ஆப்பீசர் வந்து கல்லு நடறாரு, அடுத்த ஆப்பீசர் வந்து பிடுங்கி வேற பக்கம் நடறாரு. சட்டம் தெரிஞ்சா கேக்கலாமில்லீங்க? உங்க பாடத்துல அதெல்லாம் வருமுன்னு எங்க பள்ளிக்கூடத்து சார் சொன்னாருங்க."

வரும் என்றேன். என் குரல் எனக்கே வேறாகக் கேட்டது. அறுபத்துச் சொச்சம் பிள்ளைகளில் ஒன்றுகூட இப்படிச் சொல்லிக்கொண்டு என்னிடம் வரவில்லை. நான் பாடம் எடுக்க வந்த முதல் வருஷம் ஞாபகம் வந்தது. அந்தப் பெண்ணைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. உண்மையாகத்தான் எழுதுகிறேன்.

"அப்போ புவியியல் எதுக்கு கண்ணு? கூட வரலாறு எடுத்துக்கோ. பூமி யார் யார்கிட்ட இருந்துச்சுன்னு அதுல வரும்."

"மேப்பு படிக்கத் தெரியாம சட்டம் மட்டும் தெரிஞ்சு என்னங்க பண்றது? கல்லு எங்க இருக்கோணும்னு சொல்லோணுமில்லீங்க. ஞானசேகர் சார் மேப்பை விரிச்சு எங்கூரைக் காட்டினாருங்க. எங்கூரு மேப்புல இருக்குதுன்னே எனக்கு அன்னைக்குத்தானுங்க தெரியும்."

ஏப்ரல் முகாமில் அவர் வரிசையில் நின்றவள்தான். நான் பார்க்கவில்லை.

ஏழரை பஸ்ஸைப் பற்றிச் சொன்னேன். தெரியுமாம். ஊர் முக்குவரை சித்தப்பன் வண்டியில் வந்து கூட்டிப் போவாராம், எல்லாம் பேசி வைத்திருக்கிறாளாம். வீட்டில் மட்டும் இன்னும் சொல்லவில்லையாம். "மொதல்ல சேந்துட்டு மெதுவா சொல்லிக்கலாமுங்க மேடம்" என்று சிரித்தாள்.

வாசலில் ஞானசேகர் நின்றுகொண்டிருந்தார். உள்ளே வரவில்லை. அவருக்குத் தெரியும் இவள்தான் பதினைந்து என்று.

சாயங்காலம் வா கண்ணு, கையெழுத்துப் போட்டு வைக்கிறேன் என்று அனுப்பினேன். கதவைச் சாத்திவிட்டு விண்ணப்பத்திலிருந்த எண்ணுக்குப் பேசினேன். மாரப்பன் எடுத்தார். பின்னால் லாரி சத்தம்.

"நான் காலேஜுல இருந்து துளசிமணி மேடம் பேசறனுங்க. பாப்பா கேட்டிருக்கற பாடத்துக்குச் சாயங்காலம் நாலரை வரைக்கும் கிளாஸ் இருக்குதுங்க. ஏழரை பஸ்ஸுலதான் வருவா. வீடு சேர ஒம்பது ஆயிருமுங்க. உங்களுக்குத் தெரியுமுங்களா?"

 "மூனே முக்கால் பஸ்ஸுன்னுதானுங்களே சொன்னா."

"அப்படீங்களா. பெத்தவங்களுக்குத் தெரியோணுமேன்னு கூப்பிட்டனுங்க. பசங்களும் படிக்கற கிளாஸு. நாளைக்கு ஏதாச்சும்னா எங்களைக் கேப்பீங்க பாருங்க."

"நீங்க சொன்னது நல்லதாப் போச்சுங்கம்மா. புள்ளை எங்ககிட்ட மறைச்சுப் பேசிப் பழகிட்டாளுங்க. நான் பாத்துக்கறன்."

நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. மணி, பஸ், பசங்கள், எல்லாம் உண்மை. புவியியலை மட்டும் விட்டுவிட்டு வரலாறு எடுத்துக்கொள்வாள், பத்தரைக்கு என் வகுப்பில் முதல் பெஞ்சில் உட்காருவாள் என்றுதான் நினைத்தேன்.

சாயங்காலம் அவள் வரவில்லை. ஐந்து மணிக்கு ஞானசேகர் எட்டிப் பார்த்தார். ஆறு மணிக்கும் பார்த்தார். நான் பூட்டிவிட்டுக் கிளம்பினேன்.

ஜூன் 28

முதல் பெஞ்சில் ஒரு இடம் காலி.

ஜூலை 3

புவியியல் மூடப்பட்டது. பதினான்கு பிள்ளைகளையும் மற்ற பாடங்களுக்குப் பிரித்துவிட்டோம். எனக்கு ஆறு. மாரப்பன் வந்து மகளின் சான்றிதழ்களைத் திரும்ப வாங்கிப் போனதாக அலுவலகத்தில் சொன்னார்கள். வரலாறும் வேண்டாம், எதுவும் வேண்டாமாம். இப்படிப் பண்ணுவார் என்று யாருக்குத் தெரியும்? படிக்காத ஜனங்களிடம் பக்குவமாகப் பேசினாலும் அவர்கள் கையில் இருப்பது ஒரே கத்திதான், அதில்தான் எல்லாவற்றையும் வெட்டுவார்கள்.

ஞானசேகர் விடைபெற வந்தார். தாராபுரம் பக்கம் ஏதோ டுடோரியலில் கூப்பிட்டிருக்கிறார்களாம். சுவரில் மாட்டியிருந்த பெரிய வரைபடத்தைக் கழற்றட்டுமா என்று கேட்டார். கல்லூரிச் சொத்து, எடுத்துப் போக முடியாது என்றேன். "எடுத்துட்டுப் போறன்னு சொல்லலீங்க மேடம், மடிச்சு உள்ள வெச்சுட்டுப் போறன், இல்லைன்னா கரையான் அரிச்சுரும்" என்றார்.

கதவருகே போனவர் நின்றார். திரும்பிப் பார்க்காமல் கேட்டார்.

"என்னைக் கெடுத்தீங்க, சரி. அந்தப் புள்ளையை ஏனுங்க மேடம்?"

"எந்தப் புள்ளைங்க சார்?" என்றேன்.

அவர் போய்விட்டார். கேஸ் சிலிண்டர் இன்று வர வேண்டியது, வரவில்லை.

ஜூலை 30

ஆய்வுக் குழு வந்தது. வெளியிலிருந்து மூன்று பேர். கூட்டுப் பட்டத்தைப் பற்றி நான்தான் விளக்கினேன். ஆற்றுத் தண்ணீர் எப்படி ஓடுகிறது என்று ஒரு பாடம் சொல்லும், அதை யார் திருப்பலாம் என்று இன்னொரு பாடம் சொல்லும், இரண்டும் ஒரே பிள்ளைக்குத் தெரிய வேண்டும் என்றேன். குழுத் தலைவர் பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார். "ரொம்ப அழகாச் சொன்னீங்க" என்றார். மாணவர் விருப்பத்துக்கு முன்மாதிரி என்று அறிக்கையில் எழுதப் போகிறார்களாம். முதல்வர் எழுந்து நின்று கைகொடுத்தார்.

அவர்கள் என் வகுப்பையும் பார்க்க வந்தார்கள். அறை நிறைந்து வழிந்தது. பின்பெஞ்சுக்குப் பின்னால் பிள்ளைகள் நின்றுகொண்டுகூட இருந்தார்கள். நான் பேசும்போது ஒருவரும் தலை நிமிரவில்லை. குறிப்பு எடுக்கிறார்கள் என்று குழுவினர் நினைத்தார்கள்.

ஆகஸ்ட் 20

மாரப்பன் கல்லூரிக்கே வந்துவிட்டார். சலவை வேட்டி, கையில் மஞ்சள் பை. வெற்றிலை பாக்கு, தேங்காய், பழத்தோடு கல்யாணப் பத்திரிகை.

"அன்னைக்கு நீங்க மட்டும் கூப்பிட்டுச் சொல்லாம இருந்திருந்தா எங் குடும்ப மானம் என்னாயிருக்குமுங்க. சாமி மாதிரி வந்து சொன்னீங்க. முதல் பத்திரிகையை மாதேஸ்வரன் கோயில்ல வெச்சுப்போட்டு ரெண்டாவது உங்களுக்குத்தானுங்க. வராம இருக்கக் கூடாதுங்கம்மா."

பெண்ணுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது, சட்டப்படி ஒன்றும் குற்றமில்லை. வருகிறேன் என்றேன். அவர் என் காலில் விழப் பார்த்தார். நான் நகர்ந்துகொண்டேன்.

செப்டம்பர் 4

போய்விட்டு வந்தேன். பச்சைப் பட்டு கட்டிக்கொண்டு போனேன், கொஞ்சம் பகட்டாகத்தான் இருந்தது. இவர் வரவில்லை. "எனக்கு எதுக்கு, நீ போய்ட்டு வா" என்றார், முகத்தைப் பார்க்காமல். வாடகைக் காரில் தனியாகப் போனேன்.

கல்லுமடுவில் கோயிலுக்கு எதிரே சாமியானா. மேற்கே ராகிக் காடு, அதற்கு அப்பால் வனம். எந்தக் கல் எங்கே நட்டிருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

முதல் பந்தியில் முதல் இலை எனக்குப் போட்டார்கள். மாரப்பன் எல்லோரிடமும் என்னைக் காட்டிக் காட்டிச் சொன்னார். தாலி கட்டி முடிந்து பெண்ணும் மாப்பிள்ளையும் பந்தியைச் சுற்றி வந்து கும்பிட்டார்கள். மாதேஸ்வரி என் இலைக்கு முன்னால் வந்தபோது கும்பிட்ட கையை இறக்கவில்லை. பெரிய மாலை, கழுத்தே தெரியவில்லை. அவளுக்குப் பக்கத்தில் மாமியார்க்காரி, வாட்டசாட்டமான பெண்பிள்ளை. ஆனால் முகம் கெட்ட முகமில்லை.

மாமியார்தான் பேச்சை எடுத்தாள். "ஏனுங்க மேடம், இவ எப்பப் பாத்தாலும் காலேசு காலேசுன்னே இருக்கறா. பாதியில விட்டாலும் அப்புறமா வந்து சேந்துக்கலாம், அப்படி ஒரு படிப்பு அதுங்கறா. நெசமுங்களா? இருந்தா போயிப் படிக்கட்டும், எங்களுக்கு ஒண்ணுமில்லீங்க. எம் பையனும் சரின்னுட்டான். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

நிஜம்தான். கூட்டுப் பட்டத்தில் அப்படி ஒரு விதி இருக்கிறது. இந்த ஆண்டு இடம் கேட்டவர்கள், சேராமல் போயிருந்தாலும், ஐந்து வருஷத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் வந்து விட்ட இடத்தில் தொடங்கலாம். கீழே கையெழுத்து என்னுடையது.

மாதேஸ்வரி என்னைப் பார்த்தாள். ஜூனில் பார்த்த அதே மாதிரி, நேராக. அப்பன் யாரிடமிருந்து கேள்விப்பட்டான் என்று அவளுக்குத் தெரியாமல் இருக்காது. ஆனால் அந்தப் பார்வையில் கோபம் இல்லை. நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றுதான் பார்த்தாள்.

அவள் திரும்பி வந்தால் பத்தரைக்கு என் வகுப்பில் முதல் பெஞ்சில் உட்காருவாள். தினமும் அந்தக் கண்ணோடு உட்காருவாள். மூன்று வருஷம்.

"அப்படியெல்லாம் இல்லீங்க" என்றேன். "விட்டா விட்டதுதான்."

"அப்படித்தான் நானும் நினைச்சனுங்க" என்றாள் மாமியார். பெண்ணின் முதுகில் தட்டி, "பாத்தியா சாமி, மேடமே சொல்லிட்டாங்க. இனிமே அதை நினைச்சுட்டு இருக்காத" என்று மெதுவாகத்தான் சொன்னாள். மாதேஸ்வரி கையை இறக்கினாள். அடுத்த இலைக்குப் போனாள்.

பாயசம் கொண்டு வந்தார்கள். இரண்டு தடவை வாங்கிக் குடித்தேன்.